பெயர் வாசிக்கும் நேரம்

சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று கூடிய கூட்டத்தின் காணொளியை இன்று காலை மீண்டும் பார்த்தேன். எழுத்தர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, உறுப்பினர்கள் ஒரே சொல்லில் விடையளிக்கிறார்கள்.

ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஒன்று.

சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் அவ்வாறுதான் உருவானது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்தின் பெயர் வாசிக்கப்படும் இடத்தில் நான் காணொளியை நிறுத்திவிட்டேன்.

மன்றத்தில் இருந்த பத்தாண்டுகளில் அந்த வாசிப்பில் அவர் பலமுறை தனித்து நின்றார். முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சக உறுப்பினர்கள் நகரின் வரவு செலவுத் திட்டத்தை ஏற்றபோதும் அவர் எதிர்த்தே வாக்களித்தார். தங்குமிடங்களுக்கும் நூலகங்களுக்கும் நிதி தரும் திட்டத்தை முழுவதுமாக எதிர்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் 2014 ஜூன் 2 அன்று, 15 டாலர் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில், பயிற்சிக் காலத்துக்குக் குறைந்த ஊதியம் தரும் பிரிவை நீக்க அவர் கொண்டுவந்த திருத்தம் தோற்ற பின்பும், சட்டத்தை ஆதரித்தே வாக்களித்தார். அது ஒருமனதாக நிறைவேறியது. எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதை அறிந்தவரின் வாக்கு அது.

2021 டிசம்பரில் அவரைப் பதவியிலிருந்து நீக்கத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு ஏறத்தாழ 300 வாக்குகளில்தான் தோற்றது. அந்த வாக்குகள் மாறியிருந்தால், 2023 பிப்ரவரியில் எழுத்தர் வாசித்த பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்காது.