கெய்ன், காமன்வெல்த்: ஒரு சிறுகதை, இரண்டு பரிசுகள்

ஆப்பிரிக்காவின் புதிய எழுத்தாளர்கள் பரிசுகளுக்குக் கதை அனுப்பும்போது கூடவே இருந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறோம்: நல்ல கதைகள் பல, நடுவர் கைக்குப் போகும் முன்பே தகுதி இழந்துவிடுகின்றன. கதை ஏற்கெனவே வெளியானதா, வெளியாகாததா என்று முதலிலேயே பார்க்காததுதான் பெரும்பாலும் காரணம்.

ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் சிறுகதைக்கு ஆண்டுதோறும் தரப்படும் கெய்ன் பரிசு, வெளியான கதையை மட்டுமே ஏற்கும். காமன்வெல்த் நாட்டவர்களுக்கான காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு வெளியாகாத கதைதான் வேண்டும். சொந்த வலைப்பூவில் போட்டிருந்தால் மட்டும் காமன்வெல்த்தில் விலக்கு உண்டு; இணைய இதழில் வந்திருந்தால் அது வெளியான கதைதான். 

அதனால் வரிசை முக்கியம். காமன்வெல்த்துக்கு 2,000 முதல் 5,000 சொற்கள், கெய்னுக்கு 3,000 முதல் 10,000. இரண்டுக்கும் பொருந்த வேண்டுமானால் 3,000-க்கும் 5,000-க்கும் இடையில் கதையை முடியுங்கள். காமன்வெல்த்துக்கு வழக்கமாக நவம்பர் 1-க்குள் அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, ஒருவருக்கு ஒரு கதைதான். நடுவர்களுக்குப் பெயர் தெரியக் கூடாது என்பதால் கோப்பின் தலைப்புப் பட்டையில்கூட உங்கள் பெயர் இருக்க வேண்டாம். அனுப்பிய கதையை முடிவு வரும்வரை, ஏறக்குறைய அடுத்த மே வரை, எங்கும் வெளியிடாமல் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் இதழில் வெளியிட்டு, கெய்னுக்குப் போக வேண்டும்.

குடியுரிமையையும் பாருங்கள். காமன்வெல்த்துக்கு உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருந்தாக வேண்டும். ஜிம்பாப்வே 2003-இல் விலகியது, எத்தியோப்பியா உறுப்பு நாடே இல்லை. கெய்னில் இந்தச் சிக்கல் இல்லை; ஆப்பிரிக்கப் பெற்றோர் ஒருவர் இருந்தாலும் போதும். மொழியில் நிலைமை தலைகீழ். கெய்னுக்கு ஆங்கிலத்தில் வெளியான கதைதான் வேண்டும் (மொழிபெயர்ப்பும் செல்லும், வென்றால் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு). காமன்வெல்த்தோ சுவாஹிலியில் எழுதியதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. நம்மவர்கள் இதை அதிகம் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது எங்கள் வருத்தம்.

கெய்னில்தான் இன்னொரு தடை: எழுத்தாளர் தானே அனுப்ப முடியாது. வெளியிட்ட இதழோ பதிப்பகமோதான் அனுப்ப வேண்டும். கடைசி நாள் வழக்கமாக ஜனவரி 31. இதழாசிரியர்கள் தாங்களாகவே அனுப்பிவிடுவார்கள் என்று காத்திருந்தால் அந்த ஆண்டு போய்விடும். டிசம்பர் தொடக்கத்திலேயே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கதைத் தலைப்பு, வெளியான தேதி, சொல் எண்ணிக்கை, எழுத்தாளரின் நாடு, நான்கு வரி அறிமுகம், இவை எல்லாம் அதிலேயே இருக்கட்டும். ஆசிரியருக்குப் படிவத்தில் எடுத்து ஒட்டுவது மட்டுமே மிச்சமாக இருக்க வேண்டும். தெளிவான பதில் வராவிட்டால் ஜனவரி நடுவில் ஒருமுறை நினைவூட்டுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்த பிறகே எழுதுங்கள். உதாரணமாக, 2025-இல் கெய்னில் முந்தைய வெற்றியாளர்களிலிருந்து ஒருவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தார்கள்.

கெய்ன் பரிசுத் தொகை 10,000 பவுண்டு. இறுதிப் பட்டியலுக்கு வந்தாலே 500 பவுண்டு கிடைக்கும். ஆனால் அதைவிடப் பெரிய பயன், சிறு இதழ்கள் மீது வெளிச்சம் விழுவது. 2002-இல் வென்ற கென்யாவின் பின்யவாங்கா வைனைனா நைரோபியில் 'க்வானி?' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதில் வந்த கதைக்காக இவோன் அதியாம்போ ஓவூர் வென்றார். பெரிய பதிப்பகம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள், உள்ளூர் இதழே போதும்.

கவிஞர்களுக்கு வழி வேறு. பிரிட்டிஷ் எழுத்தாளர் பெர்னடீன் எவரிஸ்டோ 2012-இல் தொடங்கிய ஆப்பிரிக்கக் கவிதைப் பரிசுக்குச் சரியாக 10 கவிதைகள் வேண்டும். முழுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டவர்கள் சேர முடியாது. முதல் பரிசு 2013-இல் வார்சன் ஷைருக்குக் கிடைத்தது. தொகுப்பே கையில் தயாராக இருந்தால் ஆப்பிரிக்கக் கவிஞர்களுக்கான சில்லர்மன் முதல் நூல் பரிசுக்கு அனுப்புங்கள்: குறைந்தது 50 பக்கம், கட்டணம் இல்லை, வென்றால் 1,000 டாலரோடு நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலாகவும் வெளியிடும்.