எண்ணெய் கருகும் வாடை: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஜூன் 12, வியாழன்
காரில் ஈப்போவிலிருந்து திரும்பும்போது செம்மோர் சமிக்ஞை விளக்கில் நின்றதும் மறுபடி அதே வாடை. ஓடும்போது தெரிவதில்லை, நின்றால் ஏர்கோன் வழியாக உள்ளே வருகிறது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஜூன் 13, வெள்ளி
ராத்திரி காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்திருந்தேன். காலையில் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே கரும்பழுப்புக் கறை. ரேடியேட்டர் தண்ணீர் பெரும்பாலும் பச்சையாகவோ ரோஸாகவோ இருக்கும். இது எஞ்சின் எண்ணெய்தான். பட்டறையில் பார்த்தவுடனே, "பின்பக்க ஆயில் சீல் போயிருச்சி, கியர் பாக்ஸ இறக்கணும்" என்றார்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்தான் இந்த சீல். அது மலிவு, கூலிதான் பெரிய செலவு. மேலே டார்ச் அடித்துக்கூடப் பார்க்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஜூன் 14, சனி
தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா வந்தார். "சொட்டுற இடத்தப் பாக்காதம்மா, ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு" என்றார். எண்ணெய் கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலே ஒழுகினாலும் சொட்டுவது பின்னால்தான். எஞ்சின் ஆறியதும் நன்றாகத் துடைத்துவிட்டு, டவுன் வரை ஒரு சுற்று போய் வந்து டார்ச் அடித்தோம். எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரின் பின்மூலையில் புது மினுமினுப்பு. அங்கிருந்து மெல்லிய கோடாக இறங்கி சூடான எக்சாஸ்ட் (புகைக் குழாய்) மேல் விழுந்து, கருகிய திட்டாகப் படிந்திருந்தது. வாடைக்குக் காரணம் அதுதான். தீப்பிடிக்கக்கூடிய இடம், தள்ளிப்போட முடியாது.

ஜூன் 16, திங்கள்
கவரைக் கழற்றினோம். கவரின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கட் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருந்தது, வளைத்ததும் முறிந்தது. மாமா அதோடு விடவில்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். நல்ல வால்வு கடகடவென்று சத்தம் போட வேண்டும்; இது கசடு அடைத்து ஊமையாகிவிட்டது. எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்துக்கு வழியில்லாவிட்டால் புது கேஸ்கட்டையும் தாண்டி எண்ணெய் வரும். சரி, இரண்டையும் மாற்றினோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். அளவுக்கு மீறி இறுக்கினால் கேஸ்கட் நசுங்கி மறுபடி ஒழுகுமாம்.

ஜூன் 21, சனி
ஈப்போ போய் வந்தோம், வாடை இல்லை. சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை (அளவுகோல் குச்சி) உருவிப் பார்த்தேன், எண்ணெய் அளவு இறங்கவில்லை. பின்பக்க சீலும் காய்ந்தே இருக்கிறது.

தைப்பிங்கிலிருந்து தம்பி போன் செய்தான், அவன் காரில் நீலப் புகையாம். அப்படியென்றால் எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வ் சீல், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். எப்போது வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு அப்புறம் பட்டறைக்குப் போ என்றேன்.