மாரி கழிந்தபின் வெளிப் பலகைத் தளத்துக்குச் செய்ய வேண்டியவை

வெளியே கிடக்கும் பலகை நரைப்பது உக்கல் அல்ல. மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை வெயில் சிதைக்கிறது. மாரி மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய நார், அதுவும் மெல்லிய படைதான். பாலை, முதிரைப் பலகைகளில் அதற்குக் கீழே மரம் இரும்பு மாதிரிக் கிடக்கும். அந்த நரைத்த நாரின் மேலேயே வார்னிஷ் அடிப்பதுதான் பிழை. நார் கழரும்போது வார்னிஷும் தோலாய் உரியும்.

மாசி நடுவிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் புழுதி ஈர எண்ணெயில் ஒட்டி, தளமே அரத்தாளாகிவிடும்.

முதலில் இடுக்குகளில் அடைந்த வேப்பஞ்சருகைக் கிளறி எடுங்கள். ஈரம் தேங்கி உக்கல் தொடங்குவது அங்கேதான். லீற்றர் சுடுநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து ஊற்றி, கால் மணித்தியாலம் விட்டு, தும்புத் தூரிகையால் நார் ஓடும் திசையில் தேய்த்துக் கழுவுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். முறிந்து தங்கும் கம்பித் துண்டு ஒவ்வொன்றும் பிறகு கறுப்புப் புள்ளியாகும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் பாசியைக் கொல்லும், ஆனால் மரத்தின் நிறத்தை மீட்டுத் தராது.

சோடா பட்ட மரம் கறுக்கும், பயப்படத் தேவையில்லை. அடுத்து ஒக்சாலிக் அமிலம்: லீற்றருக்கு 40–50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். ஆணியைச் சுற்றி நிற்கும் கருநீலக் கறை, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டானது. அது இதற்குத்தான் கரையும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு அதிகம். அந்தத் தண்ணீரில் கரைத்தால் அமிலத்தின் ஒரு பங்கு வெள்ளைத் தூளாகிப் பலகையில் படியும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதையே பாவியுங்கள். அமிலம் நஞ்சு: கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குளோரின் போட்டிருந்தால் நன்றாகக் கழுவி, மறுநாள்தான் அமிலம். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

அமிலத்தையும் கழுவிவிட்டு, மூன்று நாலு நாள் வெயிலில் காய்ந்தபின் 80 இலக்க அரத்தாள் போதும். அதைவிட நைசாகத் தேய்த்தால் எண்ணெய் இறங்காது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்; சில நிமிடத்தில் உறிஞ்சினால் மரம் தயார், முத்தாக நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும்.

முதற் பூச்சுக்குக் காய்ச்சிய லின்சீட் எண்ணெயும் ரேர்ப்பன்ரைனும் சம அளவு. 20 நிமிடம் கழித்து, மேலே நிற்பதைத் துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். பாலை மரம் குடிப்பது கொஞ்சம்தான். மிச்சம் பிசுபிசுத்து நின்று அடுத்த மாரியில் பூஞ்சணத்துக்குத் தீனியாகும். கூடப் பூசினால் கூடக் காலம் நிற்கும் என்ற கணக்கு இங்கே சரிவராது. நிறமில்லாத எண்ணெய் வெயிலையும் தடுக்காது. வெயிலைத் தடுப்பது நிறத்தூள். வெட்டவெளித் தளமென்றால் நிறம் கலந்த வூட் ஸ்டெயின் வாங்குவதே புத்தி. பழைய என்ஜின் ஒயில் மலிவுதான், ஆனால் அது காயவே காயாது. காலிலும் ஒட்டும், மழையோடு கிணற்றடிக்கும் போகும்.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடு பிறக்கும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

பலகையின் வெட்டுமுனைகளை மறக்க வேண்டாம். தண்ணீர் அதிகம் ஏறுவது அந்த வழியாகத்தான். மற்ற இடத்துக்கு இரண்டு பூச்சென்றால் முனைக்கு நாலு.