பழைய கம்ப்யூட்டரை மாற்ற நாள் குறித்த கதை

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். 2014-இல் வாங்கிய அசெம்பிள்டு செட்தான் எனக்குச் சோறு போட்டது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

2023 ஜூனில், பெங்களூரா மாங்காய் லோடு கூழ் ஃபேக்டரிக்குப் போகிற நேரத்தில், அது ஆன் ஆகவே ஏழு நிமிடம் பிடித்தது. எடைச் சீட்டுகள் மேசையில் குவிந்துகொண்டே இருந்தன. சர்வீஸ் கடையில் காட்டினேன். "ஒம்போது வருஷம் ஆச்சு சார், புதுசு எடுத்துடுங்க. முப்பத்தஞ்சாயிரத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார். சீசன் பணம் கைக்கு வராத நேரம். அதோடு, எந்த பாகம் மெதுவாக இருக்கிறது என்று தெரியாமல் அத்தனை பணம் போட எனக்கு மனசில்லை.

வீட்டுக்கு வந்து, எந்த பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். பிராசசர் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றது. பிராசசர் சும்மா காத்திருக்க, டிஸ்க்தான் திணறியிருக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டுப்போய்க்கொண்டு இருந்தன. வயிறு கலங்கிவிட்டது. அன்று இரவே கணக்கு முழுவதையும் பென் டிரைவிலும் தம்பி லேப்டாப்பிலும் காப்பி எடுத்தேன். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பழைய டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ஒன்றும் வாங்கினேன். அந்த போர்டில் டிடிஆர்4 பொருந்தாது. இரண்டும் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. அதன்பின் அரை நிமிடத்தில் ஆன் ஆனது. கரண்ட் போய் வந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய், ஜிஎஸ்டி தளம் திறக்காமல் படுத்திய தொல்லையும் இருந்தது. மதர்போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரியை மாற்றியதும் அதுவும் போய்விட்டது.

இரண்டு சீசன் நன்றாக ஓடியது. ஆனால் பாகம் மாற்றித் தீர்க்க முடியாத ஒன்று வந்தது. விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நிற்கிறது என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என் போர்டில் அந்த பிராசசர் உட்காராது. போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் மாற்றுவதென்றால் அது புது கம்ப்யூட்டர்தான். தடையைத் தாண்டி 11-ஐ ஏற்ற வழி இருக்கிறது என்று நண்பர் சொன்னார். அடுத்தவர் பணக் கணக்கும் பேங்க் லாகினும் இருக்கிற மெஷினில் அதைச் செய்ய நான் தயாராக இல்லை. விண்டோஸ் 10-லேயே 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அப்டேட் பெறப் பதிவு செய்துகொள்ளவும் அப்போது வழி இருந்தது. பணம் புரட்ட நேரம் வேண்டியவர்களுக்கு அது நல்ல வழி. எனக்கு ஆகஸ்டில் கமிஷன் கைக்கு வந்துவிட்டது, அப்போதே மாற்ற முடிவெடுத்தேன்.

பஸ் ஏறி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு போனேன். ஒரு கடையில் ஐ7 ஒன்றை நல்ல விலைக்குக் காட்டினார்கள். எண்ணைப் பார்த்தேன்: 6700. முதல் இலக்கம் 6 என்றால் ஆறாம் தலைமுறை, 11 ஏறாது. பெயரில் ஐ7 இருந்து பயனில்லை. பக்கத்துக் கடையில் ஐ5 8500, 8 ஜிபி ரேமோடு, ஆபீஸில் ஓடிய செட் 16,000-க்குக் கிடைத்தது. விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்துச் சொல்லும் பிசி ஹெல்த் செக் மென்பொருளைப் போட்டபோது டிபிஎம் இல்லை என்று காட்டியது. கடைப் பையன் பயாஸ் செட்டிங்குக்குள் போய், பிடிடி என்ற பெயரில் இருக்கிற இன்டெல்லின் டிபிஎம்மை ஆன் செய்ததும் சரியாகிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

பழைய செட்டில் நெட் வயரை மட்டும் பிடுங்கிவிட்டேன். மகள் அதில் தமிழ் டைப்பிங் பழகுகிறாள்.