கல்லுக்குப் போட்ட மாத்திரையும் 0.3 மில்லிலீட்டரும்

என் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் விந்தின் அளவு என்ற இடத்தில் 0.3 மில்லிலீட்டர் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே கையால் எழுதிய ஒரு வரி. மாதிரி முழுமையாக எடுக்கப்படவில்லை என்று அர்த்தமாம். நான் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்த லேப்பில் மூன்று தடவை சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. எங்கள் பக்கம் ஆம்பிளைகள் இந்த விஷயத்தை வாய் திறந்து பேசுவதில்லை. நானும் பேசாமல் இருந்துதான் ஒன்றரை வருஷத்தைத் தொலைத்தேன். அந்தக் காலம் முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது என் மனைவி. இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கடைசியில் கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அன்றைக்கு நாவலப்பிட்டி வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் குனிந்தபடியே வந்தாள். எல்லாமே நார்மல். அதற்குப் பிறகும் 'புருஷனையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்' என்று ஒரு டொக்டரும் சொல்லவில்லை. ஒரு வருஷம் பார்த்தும் கரு தங்கவில்லை என்றால் இரண்டு பேரையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும். ஆணுக்கு முதலில் செய்வது விந்துப் பரிசோதனை, அதற்கு ஊசிகூடக் கிடையாது. அதை முதல் மாதமே செய்திருந்தால் அவளுக்கு அந்த எக்ஸ்ரே தேவைப்பட்டிருக்காது என்று இப்போதும் மனது அடித்துக்கொள்கிறது.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். எனக்கு ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. டெஸ்டுக்குக் கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. போன முதல் தடவையே வீண். போனில் கேட்டபோது, வீட்டிலேயே எடுத்துக்கொண்டு வரலாம் என்றார்கள். எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. விடியற்காலை எடுத்து, சூடு போகாமல் இருக்கட்டும் என்று ஸ்வெட்டருக்குள் வைத்து, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நேரத்தைக் கேட்டுவிட்டு, இது சரிவராது என்று டப்பாவை அப்படியே குப்பையில் போட்டுவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டன் வந்து சேரவே அந்த நேரம் சரியாகிவிடும். மலையில் தூரத்தில் இருப்பவர்கள் வீட்டில் எடுக்கவே வேண்டாம். லேப்பில் அதற்கு அறை இருக்கிறதா என்று முதலே கேட்டுக்கொண்டு போங்கள்.

இதையும் யாரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். கடைசியாக விந்து வெளியேறி இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஏழு நாளுக்கு மேல் போகக் கூடாது. சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக் கூடாது. கடையில் வாங்கும் சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. முக்கியமாக, முதலில் வரும் பகுதியில்தான் உயிரணு அதிகம். அது தவறிவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கை குறைந்துதான் காட்டும். அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். காய்ச்சலின் பாதிப்பு இரண்டு மூன்று மாதம் விந்தில் தெரியும்.

இரண்டாவது தடவை அறை கிடைத்தது. அறை என்றால் கழிவறை. வெளியே ஆட்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டப்பாவைக் கொடுத்தபோது அங்கே இருந்தவர் தூக்கிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட்டீர்களா என்று சிங்களத்தில் உரக்கக் கேட்டார். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். கடையில் சாமான் விற்கிற அளவுக்குச் சிங்களம் எனக்கு நன்றாகவே வரும், இந்த விஷயத்தை விளக்குகிற அளவுக்கு வரவில்லை. சிந்தவில்லை என்று மட்டும் மூன்று தடவை சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அந்த 0.3 ரிப்போர்ட் அன்றைக்கு வந்ததுதான்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு டொக்டரை செனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்துப் போனோம். ஐந்து நிமிஷம்கூட இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தார், மூன்று மாதத்துக்கு விட்டமின் எழுதினார். நான் என்ன மருந்து எடுக்கிறேன் என்று கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் 0.2. இதற்கிடையில் அம்மா எங்கிருந்தோ ஒரு போத்தல் லேகியம் வாங்கி வந்தார். அதை என்னிடம் கொடுக்கவில்லை, மனைவியிடம் கொடுத்தார்.

இதில் என்னுடைய தவறும் இருக்கிறது. எனக்கு வெளியே ஒன்றும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆசை குறையவில்லை, விறைப்பு சரியாக இருந்தது, உச்சமும் வந்தது. விந்து மட்டும் வருவதில்லை, வந்தாலும் ஒரு துளி. உடம்பு பலவீனம் என்று நினைத்துக்கொண்டு அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. டொக்டரிடம் இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

பிறகு இன்னொரு டொக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டதே, உச்சம் வரும்போது விந்து வருகிறதா, அதற்குப் பிறகு சிறுநீர் கலங்கலாகப் போகிறதா என்றுதான். சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறதா, முதுகில் அடிபட்டதா, ஏதாவது ஒப்பரேஷன் நடந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா? அதற்கும் இல்லை என்றேன். பக்கத்திலிருந்த மனைவிதான், "ஏங்க, கல்லுக்குப் போடுறீங்களே, ராத்திரி மாத்திரை?" என்றாள்.

2022 கடைசியில் எனக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. டெம்சுலோசின் 0.4 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று எழுதி, ஒரு மாதத்தில் ஸ்கேனோடு வரச் சொன்னார்கள். வலி போய்விட்டது. லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும் என்று நான் திரும்பிப் போகவில்லை. வலி மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் டொக்டர் எழுதிய பழைய மருந்துத் துண்டைக் காட்டி மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தேன். பார்மசியில் ஒரு தடவைகூட தேதியைப் பார்க்கவில்லை.

கல் இறங்குவதற்காகச் சிறுநீர்க் குழாயின் தசையைத் தளர்த்துகிற மாத்திரை அது. வயதானவர்களுக்குப் புரொஸ்டேட் வீக்கத்துக்கும் இதையே கொடுப்பார்கள். விந்தை வெளியே தள்ளுகிற தசைகளையும் அது தளர்த்திவிடும் என்று டொக்டர் படம் வரைந்து காட்டினார். சிலருக்கு விந்து பின்னால் சிறுநீர்ப்பைக்குள் போகும், சிலருக்குப் புறப்படவே புறப்படாது. எது என்று பார்க்க, உச்சத்துக்குப் பிறகு கழித்த சிறுநீரைச் சோதித்தார்கள். அதில் உயிரணு ஏதும் இல்லை. அப்படியென்றால் எனக்கு இரண்டாவது வகை.

அந்த டெஸ்டுக்குக் காத்திருந்தபோது வெலிமடையிலிருந்து வந்த ஓர் அண்ணன் பக்கத்தில் இருந்தார். பன்னிரண்டு வருஷமாகச் சீனி வருத்தம். அது நரம்பைக் கெடுத்து, அவருக்கு விந்து பின்னோக்கிப் போகிறது. சிறுநீரின் புளிப்பு உயிரணுவைக் கொன்றுவிடும் என்பதால், அதைக் குறைக்க முதல்நாளே சோடா மருந்து குடிக்க வைக்கிறார்கள். பிறகு சிறுநீரிலிருந்தே உயிரணுவைப் பிரித்தெடுத்து மனைவியின் கருப்பைக்குள் வைக்கலாமாம். "வழி இருக்கு தம்பி, வாயைத் திறந்து சொன்னாத்தான் வழி காட்டுவாங்க" என்றார். அவரிடம் நான் மனம் விட்டுப் பேசிய அளவுக்கு அதுவரை எந்த டொக்டரிடமும் பேசியிருக்கவில்லை.

ஸ்கேனில் கல் இல்லை. டொக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஐந்தாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் 2.4 மில்லிலீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 1.4. உயிரணு ஒரு மில்லிலீட்டருக்கு 4 கோடிக்கு மேல், அதற்குக் கீழ் எல்லை 1 கோடியே 60 இலட்சம். இவ்வளவு நாளும் உயிரணு நன்றாகத்தான் உற்பத்தியாகியிருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை. ரிப்போர்ட்டை கண்டி பஸ் ஸ்டாண்டிலேயே நின்று இரண்டு பேரும் மாறி மாறிப் படித்தோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். கல் இன்னும் இருப்பவருக்கும், சிறுநீர் அடைக்கிற பெரியவருக்கும் அது தேவை. பிள்ளைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை எழுதிக்கொடுக்கும் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள். எந்த கிளினிக்குக்குப் போனாலும் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், லேகியம் உட்பட.

அன்றிரவே அம்மாவிடம் நானே சொன்னேன். குறை அவளிடம் இல்லை, நான் விழுங்கிய மாத்திரையால் வந்தது என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் அலுமாரியிலிருந்த லேகியப் போத்தலை எடுத்து வெளியே வைத்தார்.

மனைவிக்கு 31 வயது, அவளுடைய டெஸ்ட் எல்லாம் சரி. அதனால் வேறு சிகிச்சைக்கு அவசரப்படாமல் ஆறு மாதம் இயற்கையாகவே பார்க்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். மார்கழியில் அது முடிகிறது. அதற்குள் தங்கவில்லை என்றால் மறுபடி கண்டிக்குப் போக வேண்டும். கடையில் இப்போதே லீவு சொல்லி வைத்துவிட்டேன்.