வளர்ப்பு நாய்களைப் படமெடுக்க எந்த லென்ஸ், எந்த கேமரா? ஒரு படிப்பு அனுபவம்

புகைப்படப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒரே பொருளில் ஒரு படத்தொகுப்பு கொடுக்க வேண்டும். நான் வளர்ப்பு நாய்களை எடுத்துக்கொண்டேன். இதே பொருளை எடுக்க நினைக்கும் மாணவர்களும், வீட்டு நாயை நல்லபடியாகப் படமெடுக்க ஆசைப்படுபவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதைத்தான். நான் பதிலுக்கு வேறொன்று கேட்பேன்: நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றால் உங்கள் நாய் தன் இயல்பில் இருக்கிறது? அந்தத் தூரம் தெரிந்தால் லென்ஸ் எது என்பது தெரிந்துவிடும். லென்ஸ் முடிவானபின் கேமராவைத் தேர்ந்தெடுப்பது சுலபம். பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவழியுங்கள்.

தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் இருக்கும் ஏதாவது ஒரு கேமராவை, கைப்பேசியாக இருந்தாலும் சரி, நாயின் முன்னால் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சில நாய்கள் நேராக வந்து கண்ணாடியை நக்கும். சில நாய்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கமே வராமல் கொட்டாவி விடும், காதைப் பின்னால் மடக்கும். இவையெல்லாம் சங்கடத்தின் அறிகுறிகள். பெரிய வட்டக் கண்ணாடி ஒன்று தன்னையே உற்றுப் பார்ப்பது பல நாய்களுக்குப் பிடிப்பதில்லை. நாயை அதட்டி உட்காரவைக்காமல் நீங்கள் பின்வாங்குங்கள். அது வாயை லேசாகத் திறந்து, காதைத் தளர்த்தி, மறுபடி தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதுதான் உங்கள் தூரம். எங்கள் தொகுப்பில் இருந்த ஒரு குட்டைக்கால் டாஷ்ஹண்டுக்கு அது ஒரு மீட்டர்கூட இல்லை. தத்தெடுத்து வந்த ஒரு கூச்ச சுபாவ நாய், தோட்டத்தின் மறுகோடிக்கு நான் போனபிறகுதான் புல்லை முகர ஆரம்பித்தது.

இப்போது அந்தத் தூரத்தை லென்ஸாக மாற்றலாம். ஃபுல் ஃப்ரேம் கேமராவை, அதாவது பெரிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவை வைத்துக் கணக்குச் சொல்கிறேன். 2 மீட்டர் தள்ளி நின்றால், 35 மி.மீ லென்ஸில் சுமார் 2 மீட்டர் அகலமான காட்சி அடங்கும். நாயோடு அறையும் வரும். 50 மி.மீ-இல் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். நாய் முழுதாக வரும். 85 மி.மீ-இல் 85 செ.மீ, தலையும் மார்பும் வரும். 10 மீட்டர் தள்ளி நின்று 200 மி.மீ-இல் எடுத்தால் 1.8 மீட்டர் அகலம் கிடைக்கும். ஓடும் நாய்க்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க அது சரியாக இருக்கும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமரா என்றால் ஃபோகல் லென்த்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ எண்ணை) ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனானில் 1.6-ஆல். அதாவது அங்கே 50 மி.மீ லென்ஸே ஏறத்தாழ 75, 80 மி.மீ போல வேலை செய்யும்.

கேமராவோடு சேர்ந்து வரும் ஜூம் லென்ஸ், அதாவது கிட் லென்ஸ் ஏற்கெனவே இருந்தால் இன்னொரு எளிய வழி உண்டு. நீங்கள் எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த நாய்ப் படங்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றின் விவரத்தையும் திறந்து எந்த ஃபோகல் லென்த் என்று பாருங்கள். பெரும்பாலும் ஓர் எண்ணைச் சுற்றியே அவை குவிந்திருக்கும். அந்த எண்ணுக்கு அருகில் உள்ள பிரைம் லென்ஸை (ஜூம் இல்லாத, ஒரே ஃபோகல் லென்த் உள்ள லென்ஸை) தேடுங்கள். கூட்டம் முழுக்க ஜூமின் கடைக்கோடியில் இருந்தால், உங்களுக்குத் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடுகிறதே என்று பலர் கேட்பார்கள். அதற்குக் காரணம் தூரம். லாப்ரடார் போன்ற நாயின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே சுமார் 10 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து 40 செ.மீ தூரத்தில் கேமரா இருந்தால், கண்ணோடு ஒப்பிடும்போது மூக்கு கால் பங்கு கூடுதல் பெரிதாகத் தெரியும். 2 மீட்டர் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் ஐந்து சதவீதம்தான். விளையாட்டுத்தனமான படம் வேண்டுமென்றால் 24 மி.மீ அல்லது 35 மி.மீ-ஐ மாட்டிக்கொண்டு கிட்டே போகலாம், அதற்கென்று ஓர் அழகு இருக்கிறது. நாயை வளர்ப்பவர் பார்த்து, "ஆமாம், இதுதான் எங்க நாய்" என்று சொல்லும் முகப்படத்துக்குத் தள்ளி நில்லுங்கள்.

அடுத்து அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு. எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும், கூர்மையாக இருக்கும் ஆழம் குறையும். பின்னணி கரைந்துபோக வேண்டும் என்ற ஆசையில் எல்லோரும் எஃப் 1.8-க்கும் 1.4-க்கும் ஓடுகிறார்கள். 85 மி.மீ லென்ஸில், எஃப் 1.8-இல், 2 மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. நேராகப் பார்க்கும் லாப்ரடாரின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனி மங்கிவிடும். எஃப் 4-க்கு வந்தால் ஆழம் 13 செ.மீ-க்குப் போகிறது, ஃபோகஸ் இருக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் அது பங்கிட்டுக்கொள்வதால் மூக்கு நுனியில் இன்னும் கொஞ்சம் மென்மை இருக்கும், ஆனால் உறுத்தாது. பக் போன்ற தட்டையான முகத்துக்கு எஃப் 1.8 தாராளமாகப் போதும். இரண்டு நாய்களை ஒன்றாக உட்காரவைத்தால் எஃப் 5.6-க்குக் கீழே நான் போவதில்லை. மதிப்பீட்டின்போது எங்கள் ஆசிரியர் ஒவ்வொரு படத்தையும் திரையில் போட்டவுடன் கண்ணைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார். இரண்டு கண்ணில் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண் கூர்மையாக இல்லாவிட்டால், வெளிச்சமும் அமைப்பும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் படம் தொகுப்புக்குள் வராது. அந்தக் கண்டிப்பு சரியானது என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

பின்னே எதற்கு எஃப் 1.8 லென்ஸ்? வெளிச்சத்துக்காக. பல கிட் ஜூம்கள் நீண்ட முனையில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. வீட்டுக்குள், ஜன்னலோரத்தில், மாலை நேரத்தில் இந்தப் பத்து மடங்குதான் உங்களைக் காப்பாற்றும். காரணம் ஷட்டர் வேகம்.

நாய் மணிக்கு 30 கி.மீ வேகத்தில் ஓடுகிறது என்றால் வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. 1/250 வினாடி ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் அது 3 செ.மீ-க்கு மேல் போய்விடும். 1/1000-இல் 8 மி.மீ. 1/2000-இல் 4 மி.மீ. கால்கள் முன்னால் வீசப்படும்போது உடம்பைவிட வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஓடும் நாய்க்கு 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள், நேராக உங்களை நோக்கி ஓடிவந்தால் 1/2000 வையுங்கள். நடக்கும் நாய்க்கு 1/500. உட்கார்ந்திருக்கும் நாய்க்குக்கூட 1/250 வேண்டும், ஏனென்றால் அது உட்கார்ந்தபடியே தலையைச் சட்டென்று சாய்க்கும். லென்ஸிலும் கேமரா பாடியிலும் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் சரிசெய்யும், நாயின் அசைவை நிறுத்தாது. வெறும் அதற்காக ஒரு லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்த வேலைக்குத் தேவையில்லை. கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் பிடித்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். ஐஎஸ்ஓ 3200 வந்தால் பயப்படாதீர்கள். புள்ளிகள் விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைவில் மங்கிய கண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

என் பரிந்துரை இதுதான். கையில் பணம் குறைவு என்றால் முதல் லென்ஸ் 50 மி.மீ எஃப் 1.8. திறந்தவெளியில் ஓட்டமும் பாய்ச்சலும்தான் உங்கள் பொருள் என்றால் 70-200 மி.மீ எஃப் 2.8 ஜூம், ஃபுல் ஃப்ரேமுக்கான இந்த லென்ஸ்கள் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை எடை இருக்கும், ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்குவது சிரமம், கூட ஒருவர் வேண்டும். அந்த ஜூமின் எஃப் 4 வகை எடையும் விலையும் குறைவு, பகல் வெளிச்சத்துக்குப் போதும். 85 மி.மீ எனக்கு மிகவும் பிடித்த லென்ஸ், ஆனால் சிறிய அறையில் அதற்கு இடம் போதாது. எந்த லென்ஸாக இருந்தாலும் ஃபோகஸ் மோட்டார் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வகை 50 மி.மீ லென்ஸ்கள் சிலவற்றில் மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாக நகரும். படுத்திருக்கும் நாய்க்குப் பரவாயில்லை, பந்தைத் துரத்தும் நாய்க்கு உதவாது.

சரி, கேமரா பாடிக்கு வருவோம். நாய்களை எடுப்பவர்களுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த பெரிய வரம், விலங்குகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ். சோனி 2019-இல் தன் ஏ7 வரிசையின் மூன்றாம் தலைமுறை கேமராக்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பாக அதைக் கொடுத்தது. நிகான் 2020-இல் இசட்6, இசட்7 கேமராக்களுக்கு நாய், பூனை முகங்களைக் கண்டுபிடிக்கும் வசதியைச் சேர்த்தது. அதே ஆண்டு வந்த கேனான் ஆர்5, ஆர்6 கேமராக்களில் அது ஆரம்பத்திலேயே இருந்தது. பழைய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கினால் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வசதியும் சில இடங்களில் திணறும். கண்ணை மறைக்கும் முடி, கருப்பு முகத்தில் கருப்புக் கண், பக்கவாட்டில் திரும்பிய தலை. அப்போது ஃபோகஸ் பகுதியைச் சிறிய கட்டமாக்கி நீங்களே கண்மேல் வைக்கப் பழகியிருக்க வேண்டும். அந்தக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் அதை விற்க ஓடவேண்டாம். நடு ஃபோகஸ் புள்ளி, தொடர் ஃபோகஸ், தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அதிலும் தொகுப்புக்குத் தகுதியான படம் வரும்.

மெகாபிக்சலைவிட நான் அதிகம் மதிப்பது திருப்பக்கூடிய திரையை. நாயின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கினால்தான் படம் நாயின் உலகத்துக்குள் போகும். டாஷ்ஹண்டின் கண் மட்டம் என்பது தரையை ஒட்டி. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துத் தரையில் குப்புறப் படுத்தால், மறுநொடி நாய் உங்கள் முகத்தில் இருக்கும்! திரையை மேலே திருப்பி, கேமராவை மட்டும் கீழே இறக்கி, நீங்கள் உட்கார்ந்தபடியே எடுக்கலாம்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பயந்த நாய்களுக்கு நல்லது. ஆனால் பல கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், பக்கவாட்டில் ஓடும் நாயின் உடம்பும் கால்களும் சாய்ந்து வரும், சில எல்இடி விளக்குகளின் கீழ் கோடுகள் விழும். வேகத்துக்கு மெக்கானிக்கல், கூச்சத்துக்கு எலக்ட்ரானிக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பு நாய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். ஃப்ரேமைக் கருப்பு லாப்ரடார் நிறைத்தால் அதன் பளபளப்பான கருப்பு முடி வெளிறிச் சாம்பலாகும். எக்ஸ்போஷரை (பதியும் வெளிச்சத்தை) முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறையுங்கள், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். வெள்ளை நாய்க்கு அதே அளவு கூட்டுங்கள். கருப்பு நாயை நேர் வெயிலில் நிறுத்தாமல், மரநிழலின் விளிம்பில், திறந்த வானத்தைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். வானம் அதன் கண்ணில் ஒரு வெள்ளைத் துண்டாக விழும், நெற்றி முடி ஒவ்வொன்றும் பிரிந்து தெரியும். ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக எடுத்தால் பின்னால் சரிசெய்ய இடம் இருக்கும்.

ஃபிளாஷுக்கு இப்போதைக்குப் பணம் போடாதீர்கள். நாயின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. நேர் ஃபிளாஷில் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிவது அதனால்தான். கட்டாயம் என்றால் கூரையில் பட்டுத் திரும்பி வரும்படி வையுங்கள். லென்ஸ் ஹூட் கட்டாயம், ஈர மூக்கிலிருந்து கண்ணாடியைக் காப்பது அதுதான். கூடவே ஒரு துடைக்கும் துணி. பர்ஸ்ட் அதிகம் எடுப்பீர்கள் என்றால், கேமரா அதை ஏற்கும் பட்சத்தில், வேகமாக எழுதும் வி60 வகை மெமரி கார்டு. டிரைபாட் தேவையில்லை. கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது என்றால் அதன் டெலி லென்ஸையும் பர்ஸ்ட்டையும் பயன்படுத்துங்கள், போர்ட்ரெயிட் முறையை அணைத்துவிடுங்கள். அது மீசை முடியையும் காது விளிம்பையும் பல நேரம் பின்னணியோடு சேர்த்துக் கரைத்துவிடும்.

வாங்குவதற்கு முன்னால் முடிந்தால் வாடகைக்கோ நண்பரிடமோ எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். நாயை ஒருவர் 15 மீட்டர் தள்ளிப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் தரையோடு உட்கார்ந்து கூப்பிடுங்கள், அது ஓடிவரும்போது தொடர்ந்து எடுங்கள். முதல் பத்து மீட்டரைப் பெரும்பாலான லென்ஸ்கள் சமாளிக்கும். கடைசி ஐந்து மீட்டரைப் பாருங்கள். நாய் அதை முக்கால் வினாடிக்குள் கடந்துவிடும், வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் ஆறேழு படம்தான் கிடைக்கும். நாய் நெருங்க நெருங்க லென்ஸ் தன் ஃபோகஸை இன்னும் வேகமாக மாற்ற வேண்டியிருக்கும். அந்த ஆறேழில் மூன்று படத்திலாவது அருகிலிருக்கும் கண் கூர்மையாக இருந்தால் அந்தக் கூட்டணியை நம்பி வாங்கலாம். ஒன்றுகூட இல்லையென்றால், பாடியை மாற்றுவதற்கு முன் அதே பாடியில் வேறொரு லென்ஸை மாட்டி இன்னொரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.