ஊர் ஊராகக் கும்பிட்ட ஆச்சிக்கு, முக்கடலில் எள்ளும் தண்ணீரும்

ராமேஸ்வரத்து மணலைக் காசிக்குக் கொண்டுபோய், கங்கைத் தண்ணீரோடு திரும்பி, மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயிலுக்கு இருமுடியும் கட்டிய ஆச்சிகள், அதாவது பாட்டிகள், குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் இருந்தார்கள். அப்படிப்பட்டவரை ஆடி அமாவாசையன்று நினைக்கக் கன்னியாகுமரி முக்கடலே பொருத்தமான இடம். காந்தியடிகளின் அஸ்தியும் 1948-ல் இங்கே கரைக்கப்பட்டது.

முதலில் பெயர்கள். தர்ப்பணத்துக்கு ஆச்சியின் பெயர் மட்டும் போதாது. அவர் மாமியார், அந்த மாமியாரின் மாமியார் வரை புரோகிதர் கேட்பார். கூப்பிட்ட பெயர் எல்லாருக்கும் தெரியும், இட்ட பெயர்தான் வாயில் வராது. முந்தின நாளே பழைய பத்திரங்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குள் போன் போட்டுக் கேட்பது நடக்காது. அப்பா இருந்தால் அவர்தான் தன் அம்மாவுக்குச் செய்ய வேண்டும், பேரன் பக்கத்தில் நின்றால் போதும். பேத்தி தன் கையால் பிண்டப் பலியிட ஆசைப்பட்டால், மேற்கே குழித்துறை ஆற்றங்கரையில் நடக்கும் ஆடி அமாவாசைச் சடங்கான வாவுபலிக்குப் போகலாம்.

பூஜையறையில் ஆச்சி வைத்துவிட்டுப் போன, கங்கைத் தண்ணீர் அடைத்த காசிச் செம்பு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். வாயை ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள். கடற்கரையில் திறக்க முடியாது. வீட்டிலேயே சிறு ஆணியால் ஓரத்தைச் சுற்றி நெம்பினால் மூடி கழன்றுவிடும். உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும் என்பதால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, தர்ப்பைமேல் தெளிக்க மட்டும்தான்.

விடியுமுன் கடலில் மூழ்கி எழுங்கள். பாறைகளில் பாசி வழுக்கும். முழங்கால் தண்ணீருக்கு அப்பால் போக வேண்டாம். கருப்பு எள் 50 கிராம் தாராளம், ஆனால் பொட்டலத்தைப் பிரித்து வைத்தால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மூடியுள்ள டப்பாதான் சரி. தெற்கு நோக்கி உட்கார்ந்து, வலது மோதிர விரலில் தர்ப்பை மோதிரமான பவித்திரம் போட்டு, எள்ளும் தண்ணீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கும்படி விட வேண்டும். அவசரத்தில் பலர் விரல் நுனி வழியாக விடுகிறார்கள். அது தேவர்களுக்கு விடும் முறை. உடுத்த ஈரத்துணியைக் கடலில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்து கன்னியாகுமரி பகவதியம்மன் கோயில். மற்ற நாட்களில் வடக்கு வாசல்தான் வழி. ஆடி அமாவாசையன்று கிழக்கு வாசல் திறக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நாகர்கோவில் போகும் வழியில் சுசீந்திரத்தில் 18 அடி அனுமாரையும் கும்பிட்டுவிடலாம்.

மண்டைக்காட்டை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். 15 அடிப் புற்றாக வளர்ந்திருக்கும் அம்மனுக்கு மண்டையப்பம் கையால் செய்து படைக்க வேண்டியது. விலைக்கு வாங்கினால் மனம் நிறையாது. இரண்டு டம்ளர் வறுத்த பச்சரிசி மாவு, ஒரு டம்ளர் வெல்லம், அரை டம்ளர் வறுத்த சிறுபயறு, ஏலக்காய், சுக்கு. பயறை முக்கால் வேக்காட்டில் எடுங்கள், குழைந்தால் மாவு இளகும். வெல்லப்பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் உருண்டை நிற்காமல் தட்டில் படுத்துவிடும். வறுக்காத மாவு அவியும்போது வெடிக்கும். ஆவியில் 20 நிமிடம்.

படைத்ததும் முதல் அப்பம் ஆச்சியோடு இருமுடி கட்டிய பெண்களுக்கு. அவர் எந்தெந்த ஊருக்குப் போனார், எங்கே என்ன நேர்ந்துகொண்டார் என்பது பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் தெரியும். தீர்க்காத நேர்ச்சை ஏதும் உண்டா என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.